மூன்று வேளை மாப் வேண்டாம், ஜன்னலைத் திறங்கள்

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு வைரஸ் காய்ச்சல். கொரோனா காலத்தில் பிடித்த பழக்கம் என் கணவரை இன்னும் விடவில்லை. மூன்று வேளை பினாயில் ஊற்றி மாப், பால் பாக்கெட்டுக்கு பிளீச்சிங் தண்ணீர், காய்கறிக்கு சோப்பு, கடையில் வாங்கி வந்த ரூபாய் நோட்டுக்கு இஸ்திரி. சொல்வது அவர், செய்வது நான். கூட இருக்கும் மாமியாருக்கு 72 வயது, வீசிங் உண்டு. பினாயில் வாடை வந்தாலே இருமுகிறார். என் கையெல்லாம் வெடித்துவிட்டது. நிஜமாகவே எவ்வளவு சுத்தம் செய்தால் போதும்?"

காய்ச்சல் இன்னும் உங்கள் வீட்டுக்குள் வரவில்லை. அதற்குள் மாமியாருக்கு இருமல், உங்களுக்குக் கைவெடிப்பு. இரண்டுக்கும் காரணம் அந்த மாப் வாளியாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். பினாயில் ஆவியும் பிளீச்சிங் நெடியும் வீசிங் உள்ளவர்களின் மூச்சுக்குழாயைச் சுருங்க வைக்கும். எனவே இன்றைக்கே செய்ய வேண்டியது: பினாயிலை நிறுத்துங்கள். தரையை நாளுக்கு ஒரு தடவை சோப்புத்தூள் கரைத்த தண்ணீரில் துடைத்தால் போதும். எந்த மருந்தையும் ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றி அடிக்காதீர்கள். நுண்ணிய துளிகள் நேராக நுரையீரலுக்குப் போகும். துணியில் நனைத்துத் துடையுங்கள். இருமல் தொடர்ந்தால் மாமியாரை மருத்துவரிடம் காட்டி, இன்ஹேலர் அளவு சரிதானா என்று கேட்டுவிடுங்கள்.

உங்கள் கணவர் மேல் எனக்குக் கோபமில்லை. 2020 மார்ச், ஏப்ரலில் பால் பாக்கெட்டைக் கழுவியவர்களில் நானும் ஒருவன். அந்த மார்ச்சில் வெளியான ஓர் ஆய்வுக்கூடப் பரிசோதனையில் கொரோனா வைரஸ் பிளாஸ்டிக்கில் 72 மணி நேரம் வரை, எவர்சில்வர் போன்ற உலோகத்தில் 48 மணி நேரம் வரை, அட்டைப்பெட்டியில் 24 மணி நேரம் வரை தென்பட்டது. அந்த எண்கள்தான் வீட்டுக்கு வீடு பரவின. நேரம் போகப் போக வைரஸின் அளவு மளமளவென்று குறைந்துகொண்டே வந்தது என்பது அதே ஆய்வில்தான் இருந்தது. அது யார் காதிலும் விழவில்லை. கிருமி ஓரிடத்தில் மிச்சமிருப்பது வேறு, நோய் தரும் அளவுக்கு மிச்சமிருப்பது வேறு. 2021 ஏப்ரலில் அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையம் கணக்கிட்டுச் சொன்னது: கொரோனா வைரஸ் படிந்த ஒரு பரப்பை ஒருமுறை தொட்டால் தொற்றும் வாய்ப்பு பெரும்பாலும் 10,000-இல் ஒன்றுக்கும் குறைவு.

ஊரே அந்தப் பீதியில்தான் இருந்தது. உங்கள் பக்கத்து ஊரான திருப்பூரில், தென்னம்பாளையம் சந்தை வாசலில், 2020 ஏப்ரல் தொடக்கத்தில் மருந்து தெளிக்கும் சுரங்கப்பாதை ஒன்றை வைத்தார்கள் அல்லவா? உள்ளே நடந்து வெளியே வந்தால் கிருமி போய்விடும் என்று நம்பிக்கை. அதே மாதம் 18-ஆம் தேதி மத்திய சுகாதார அமைச்சகம் மனிதர்கள் மேல் மருந்து தெளிப்பதைப் பரிந்துரைக்க முடியாது என்று சொல்லிவிட்டது. நவம்பரில் உச்ச நீதிமன்றமே இந்தச் சுரங்கங்களைத் தடை செய்யச் சொன்னது. சட்டை மேல் மருந்தடித்தால் நுரையீரலுக்குள் இருக்கும் வைரஸ் எப்படிச் சாகும்?

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த வைரஸ் எந்த வழியாக வருகிறது? அந்த வழியில்தான் வேலை. அழுக்கு இருக்கும் இடத்தில் எல்லாம் வைரஸ் இருக்காது. வைரஸ் வரும் வழியில் அழுக்கே கண்ணுக்குத் தெரியாமல் இருக்கலாம்.

உங்கள் தெருவில் இருப்பது ஃப்ளூ, கொரோனா மாதிரியான சளிக்காய்ச்சல் என்று வைத்துக்கொள்வோம். இருமும்போதும் பேசும்போதும் மூச்சு விடும்போதும் வெளிவரும் துளிகளில்தான் அது முக்கியமாகப் பயணம் செய்கிறது. பெரிய துளிகள் கீழே விழுந்துவிடும். சிறியவை, ஜன்னல் சாத்திய அறையில், ஊதுவத்திப் புகை போல மிதந்துகொண்டே இருக்கும். தரையில் விழுந்தது மறுபடி உங்கள் மூக்குக்கு ஏறி வர வழி குறைவு. தவழும் குழந்தை இருந்தால் தவிர, தரை கடைசிக் கவலை. மூன்று வேளை மாப் போடும் வீட்டில் வாடையும் குளிரும் போகக் கூடாதென்று ஜன்னலைச் சாத்தி ஏசி போட்டிருந்தால், அது தலைகீழ் வேலை. ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை, உள்ளே இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர வைக்கிறது. எதிரெதிர் ஜன்னல்கள் இரண்டைத் திறந்து வையுங்கள். ஒரே ஜன்னல்தான் என்றால் டேபிள் ஃபேனை அதன் பக்கம் வைத்து, காற்று வெளியே போகும்படி திருப்புங்கள். செலவே இல்லாத வேலை.

அப்புறம் கை. ஃப்ளூ வைரஸ் எவர்சில்வரிலும் பிளாஸ்டிக்கிலும் 24 முதல் 48 மணி நேரமும், துணியிலும் காகிதத்திலும் 8 முதல் 12 மணி நேரம் வரையும் தாக்குப்பிடிக்கும். ஆனால் நம் கைத்தோலில் ஏறக்குறைய ஐந்தே நிமிடம். அந்த ஐந்து நிமிடத்துக்குள் கை மூக்குக்கோ கண்ணுக்கோ போனால்தான் ஆபத்து. ஆகவே வாங்கி வந்த பத்துப் பொருளைக் கழுவுவதைவிட, வந்ததும் கையை 20 விநாடி சோப்புப் போட்டுக் கழுவுவது மேல். சாதாரணக் குளியல் சோப்பு போதும். ஃப்ளூவுக்கும் கொரோனாவுக்கும் வெளியே ஒரு கொழுப்பு உறை உண்டு. எண்ணெய்ப் பாத்திரத்தின் பிசுக்கை சோப்பு எப்படிக் கரைக்கிறதோ அப்படியே அந்த உறையையும் கரைத்துவிடும். கழுவியபின் உங்கள் வெடித்த கைக்குத் தேங்காய் எண்ணெயோ வாஸ்லினோ தடவுங்கள். வெடிப்பு ஆறும்வரை பிளீச்சிங் பக்கமே போக வேண்டாம்.

வாசலில் மஞ்சள் நீர் தெளிப்பதையும் வேப்பிலை கட்டுவதையும் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஈரோட்டுக்காரர்களிடம் மஞ்சளைக் குறை சொல்லிவிட்டு நான் தப்பிக்கவும் முடியாது. தாராளமாகச் செய்யுங்கள், கெடுதல் இல்லை. அதை நம்பி ஜன்னலைச் சாத்திவிடாதீர்கள், அவ்வளவுதான்.

சரி, வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தேவிட்டால்? காற்றோட்டமுள்ள அறையை அவருக்குக் கொடுங்கள். மாமியாரை அந்த அறைக்கு அனுப்ப வேண்டாம். உள்ளே போகிறவரும் காய்ச்சல்காரரும் மாஸ்க் போட்டுக்கொள்ளட்டும். என்95 கிடைத்தால் நல்லது. கதவுக் கைப்பிடி, ஸ்விட்ச், டிவி ரிமோட், குழாய்த் திருகு, செல்போன் ஆகியவற்றை நாளுக்கு ஒருமுறை துடையுங்கள். செல்போனுக்கு மட்டும் சானிடைசர் தொட்ட துணி, மற்றவற்றுக்கு சோப்புத் தண்ணீர். ஸ்விட்ச்சுக்கு நன்றாகப் பிழிந்த துணியாக இருக்கட்டும். அவர் சாப்பிட்ட தட்டைத் தனியே கொதிக்க வைக்க வேண்டியதில்லை, வழக்கமான பாத்திர சோப்பு போதும். துணியை உதறாமல் எடுத்துச் சாதாரண சோப்புத்தூளில் துவைத்து வெயிலில் போடுங்கள். துண்டு மட்டும் ஆளுக்கு ஒன்று. இதில் நான் கண்டிப்பானவன். மெட்ராஸ் ஐ ஒரு வீட்டில் எல்லோருக்கும் வரிசையாக வருவது பெரும்பாலும் கையாலும் பொதுத் துண்டாலும் தலையணை உறையாலும்தான். கண்ணைப் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்பது சும்மா.

மாமியாருக்கு ஆண்டுக்கு ஒருமுறை ஃப்ளூ தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா? வயதும் வீசிங்கும் சேர்ந்திருக்கும் ஒருவருக்கு அந்த ஒரு ஊசி செய்வதை எத்தனை வாளி பினாயிலும் செய்யாது.

இதுவரை சொன்னதெல்லாம் சளிக்காய்ச்சலுக்கு. வாந்தியும் பேதியுமாக வந்தால் கதை மாறும். அப்போது உங்கள் கணவர் சொல்வதுதான் சரி. நோரோ வைரஸ், ரோட்டா வைரஸ் போன்றவற்றுக்குக் கொழுப்பு உறை கிடையாது. நோரோவை சானிடைசர் சரியாகக் கொல்லாது. மிகச் சில வைரஸ் துகள்கள் வயிற்றுக்குள் போனாலே அது நோய் தந்துவிடும். இங்கேதான் பிளீச்சிங் பவுடருக்கு வேலை. புதிதாக வாங்கிய பவுடரில் சுமார் 30 சதவீதம் குளோரின் இருக்கும். ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தட்டையாக ஒரு தேக்கரண்டி போட்டால் ஏறக்குறைய 0.1 சதவீதக் கரைசல். குழாய், வாளி, மக், ஃப்ளஷ் பொத்தான், கழிப்பறைக் கதவு இவற்றுக்கு இது போதும். வாந்தி விழுந்த இடத்துக்கு லிட்டருக்கு ஐந்து தேக்கரண்டி. பழைய துணியையோ செய்தித்தாளையோ மேலே போட்டு மூடி, கரைசலை மெதுவாக ஊற்றிப் பத்து நிமிடம் விட்டு, கையுறையும் மாஸ்க்கும் போட்டு அள்ளுங்கள். அந்தப் பத்து நிமிடம் முக்கியம். ஊற்றியவுடன் துடைத்துவிட்டால் மருந்து வேலை செய்ய நேரமே இல்லை. பிறகு சோப்புத் தண்ணீரில் இன்னொரு தடவை துடையுங்கள். மாமியாரை இந்த வேலை முடிந்து நெடி போகும்வரை வேறு அறையில் உட்கார வைக்க வேண்டும். நோயாளி, வாந்தி பேதி நின்று இரண்டு நாள் ஆகும்வரை, சமையலறைப் பக்கம் வர வேண்டாம்.

கரைசலை அன்றன்றைக்குக் கரையுங்கள். மூடி திறந்து ஈரத்தில் கிடந்த பவுடரில் குளோரின் போய்விட்டிருக்கும், சுண்ணாம்புத் தூளாக வேண்டுமானால் பயன்படும். கரைத்ததைப் பழைய தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் நிறைய. குழந்தையோ, கண் மங்கிய பெரியவரோ எடுத்துக் குடித்துவிடுவார்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பிளீச்சிங்கை பாத்ரூம் ஆசிடோடும் கழிப்பறை கிளீனரோடும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். இரண்டு மருந்து சேர்ந்தால் இரண்டு மடங்கு சுத்தம் என்று நினைத்து ஊற்றுகிறவர்கள் உண்டு. கழிப்பறை கிளீனர்கள் பலவற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. அதனோடு பிளீச்சிங் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். முதல் உலகப் போரில், 1915-இல், ஈப்ர் போர்முனையில் படைவீரர்கள் மேல் திறந்துவிட்டார்களே, அதே வாயு. வினிகர்கூட அமிலம்தான். 2020-இல் அமெரிக்காவில் ஒரு பெண், மளிகைச் சாமான்களைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று செய்தியில் கேட்டுவிட்டு, சமையலறைத் தொட்டியில் பிளீச்சும் வினிகரும் வெந்நீரும் கலந்து காய்கறியை ஊறப்போட்டார். கொஞ்ச நேரத்தில் மூச்சுத் திணறி ஆம்புலன்ஸில் போக வேண்டியதாயிற்று. அந்த ஆண்டு முதல் மூன்று மாதத்தில் கிளீனர், கிருமிநாசினி பாதிப்புகளுக்காக அந்நாட்டு விஷமுறிவு உதவி மையங்களுக்கு வந்த அழைப்புகள் 45,550. முந்தைய ஆண்டின் அதே மாதங்களைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அதிகம்.

உங்கள் கணவருக்குச் சுத்தம் செய்யும் ஆர்வம் அடங்கவில்லை என்றால் அதைத் தண்ணீர் டிரம் பக்கம் திருப்பிவிடுங்கள். 'வைரஸ் காய்ச்சல்' என்று தெருவில் சொல்வது டெங்குவாகவும் இருக்கலாம். டெங்குவும் வைரஸ்தான். அது வருவது ஏடிஸ் கொசு வழியாக, அந்தக் கொசு முட்டையிடுவது நாம் மூடாமல் பிடித்துவைக்கும் நல்ல தண்ணீரில். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும். அதனால் வாரத்துக்கு ஒரு தடவை டிரம், தொட்டி, பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, மொட்டை மாடி டயர், கொட்டாங்கச்சி எல்லாவற்றிலும் உள்ள தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். கொட்டினால் மட்டும் போதாது, நார் போட்டு உள்பக்கத்தைத் தேய்க்க வேண்டும். முட்டைகள் சுவரில் ஒட்டிக்கொண்டு காய்ந்த நிலையிலேயே மாதக்கணக்கில் காத்திருக்கும், மறுபடி தண்ணீர் பிடித்ததும் பொரிக்கும். தரையைத் துடைக்கும் மூன்று வேளையில் ஒரு வேளையை வாரம் ஒருநாள் இதற்குக் கொடுத்தால், பினாயிலுக்குக் கிடைக்காத பலன் கிடைக்கும்.

காய்கறி, பழத்துக்கு ஓடும் நல்ல தண்ணீர் போதும், சோப்பு வேண்டாம். கத்தரிக்காய் சோப்பை உறிஞ்சி, அது குழம்போடு வயிற்றுக்குப் போனால் வைரஸே இல்லாமல் பேதியாகும். பால் பாக்கெட்டைத் தண்ணீரில் அலசிவிட்டுக் காய்ச்சுங்கள், அதுவே வழக்கம்தானே.

ரூபாய் நோட்டு. எண்ணிவிட்டுக் கையைக் கழுவினால் வேலை முடிந்தது. இஸ்திரிப் பெட்டியைக் கொஞ்சம் அதிகச் சூட்டில் வைத்து நோட்டு கருகிவிட்டால், அதை வங்கிக் கிளையில் மாற்றித் தர மாட்டார்கள். அதை எடுத்துக்கொண்டு சென்னை ராஜாஜி சாலையில் இருக்கும் ரிசர்வ் வங்கிக்குத்தான் உங்கள் கணவர் ரயிலேற வேண்டியிருக்கும்.