‘தப்பு என்னுதுதான்’ என்று பொறுப்பில் இருப்பவர் சொல்லலாமா?

வாசகர் கேள்வி – பதில்: வேலையிடம்

பொறுப்பில் இருப்பவர்கள் தங்கள் தவறையும் கஷ்டத்தையும் கீழே வேலை செய்பவர்களிடம் எந்த அளவுக்குச் சொல்லலாம் என்று கேட்டு, கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வந்த கடிதங்களில் நான்கை எடுத்துக்கொண்டோம். பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: கடலூர் சிப்காட்டில், மருந்து மூலப்பொருள் தயாரிக்கும் ஆலை ஒன்றில் ஷிஃப்ட் இன்சார்ஜாக இருக்கிறேன். வயது 31. ஒரு நைட் ஷிஃப்ட் முடியும் நேரத்தில் லேபிலிருந்து போன் வந்தது. ‘சாம்பிளில் ரியாக்‌ஷன் முடியவில்லை, இன்னும் 2 மணி நேரம் அதே சூட்டில் வைத்திருங்கள்’ என்றார்கள். ஒப்படைக்கும்போது அதைச் சொல்ல மறந்துவிட்டேன், லாக்புக்கிலும் எழுதவில்லை. காலை ஆபரேட்டர் செய்முறை ஷீட்டில் இருந்தபடி குளிர்விக்க ஆரம்பித்துவிட்டார். பேட்ச் தேறவில்லை. மெமோ அவருக்குப் போனது. ‘ஷீட்டில் இருந்ததைத்தான் செய்தேன்’ என்று அவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். முடிவு இன்னும் வரவில்லை. அவர் என்னைவிடப் பதினேழு வயது மூத்தவர், அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். உண்மையைச் சொன்னால் ஷிஃப்டில் என் பேச்சு எடுபடுமா?

பதில்: எடுபடும். ஆனால் யாரிடம் முதலில் சொல்கிறீர்கள் என்பது முக்கியம். முதலில் அந்த அண்ணனிடம் தனியாக. அதே நாளில் மேனேஜரிடம் எழுத்தில். அதன் பிறகு ஷிஃப்டில் எல்லார் முன்பும். இந்த வரிசையை மாற்றாதீர்கள். ஷிஃப்டில் முதலில் சொன்னால், பத்துப் பேர் பார்க்க அவர் அதைக் கேட்டு நிற்க வேண்டியிருக்கும். மேனேஜரிடம் முதலில் சொன்னால், செய்தி வேறு வாய் வழியாக அவரிடம் போய்ச் சேரும்.

கேன்டீன் வேண்டாம். அவர் ஷிஃப்டுக்கு வரும் நேரத்தில், சைக்கிள் ஸ்டாண்ட் பக்கம் நிறுத்திச் சொல்லுங்கள். நான்கு வாக்கியம் போதும்: “அண்ணே, அன்னைக்கு லேப்ல இருந்து ரெண்டு மணி நேரம் கூட வைக்கச் சொல்லி போன் வந்துச்சு. நான்தான் உங்ககிட்ட சொல்லாம விட்டுட்டேன். மெமோ உங்களுக்கு வந்தது தப்பு. இன்னைக்கே மேனேஜர்கிட்ட எழுதிக் கொடுத்துடுறேன்.” அத்தோடு நிறுத்துங்கள்.

அவர் கோபப்படலாம். “இத்தனை நாளா எங்கப்பா போயிருந்தே?” என்று கேட்டால், “முன்னாடியே சொல்லியிருக்கணும்ணே” என்பது மட்டுமே பதில். “மனசுல வெச்சுக்காதீங்கண்ணே, மன்னிச்சேன்னு சொல்லுங்க” என்று கையைப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். அடிபட்டவரே உங்களைத் தேற்ற வேண்டிய நிலை வந்துவிடும். பலர் தவறுவது இங்கேதான்.

மேனேஜருக்கான கடிதம் அரைப் பக்கம். தேதி, ரியாக்டர் எண், பேட்ச் எண், போன் வந்த நேரம், பேசியவர் யார், ஒப்படைப்பில் நீங்கள் சொல்லாமல் விட்டது எது, அதனால் ஆபரேட்டர் ஷீட்டைப் பின்பற்றினார் என்பது. கடைசி வரியில், அவர் மெமோவை எழுத்தில் ரத்து செய்யக் கேளுங்கள். வாயால் ‘விட்டுடலாம்’ என்று சொன்னால் தாள் அவர் ஃபைலிலேயே கிடக்கும், இன்க்ரிமென்ட் நேரத்தில் வெளியே வரும். நஷ்டக் கணக்கு, ‘என் அலட்சியத்தால்’ போன்ற சொற்கள் வேண்டாம். நடந்ததை மட்டும் எழுதுங்கள், அதை எடைபோடுவது விசாரணையின் வேலை. ஒரு நகலில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இதனால் உங்களுக்கும் மெமோ வரலாம். அது தெரிந்தே செய்ய வேண்டிய காரியம் இது.

இன்னொன்று, இதில் மட்டும் கொஞ்சமும் சறுக்கிவிடாதீர்கள். பழைய லாக்புக் பக்கத்தில் கிடைத்த இடத்தில் அந்த ஒரு வரியைச் செருகும் ஆசை வரும். செருகினால், மறதியாக இருந்தது போலிப் பதிவாகிவிடும். குவாலிட்டி பிரிவிடம் கேட்டு, தாமதப் பதிவு என்று தலைப்பிட்டு, இன்றைய தேதி, நேரம், கையெழுத்தோடு எழுதுங்கள். எழுத்தில் பிழை வந்தால் வொயிட்னர் போடாமல் ஒற்றைக் கோடு அடித்துப் பக்கத்தில் சுருக்கொப்பம் இடுங்கள். அடித்தது படிக்கத் தெரிய வேண்டும்.

ஷிஃப்டில் பேசுவது இரண்டு நிமிடம். அதில் பாதி, இனி மாறப் போவதைப் பற்றி இருக்கட்டும். லேப் போனில் சொல்வதை, ரிசீவரை வைப்பதற்கு முன்பே லாக்புக்கில் எழுதித் திருப்பி வாசித்துக் காட்டுவது. ஒப்படைப்பைப் பேனல் முன்னால் இருவரும் நின்று செய்து இருவரும் கையெழுத்திடுவது. ‘இன்னும் செய்ய வேண்டியவை’ என்று தனிக் கட்டம், எதுவும் இல்லையென்றால் ‘இல்லை’ என்று எழுதுவது. “நாம எல்லாருமே இனிமே கவனமா இருக்கணும்” என்று மட்டும் முடிக்காதீர்கள். ஒருவர் தவறைப் பத்துத் தலையில் பிரித்து வைக்கும் பேச்சு அது, தொழிலாளிக்கு உடனே புரிந்துவிடும்.

மரியாதை பற்றிக் கேட்டீர்கள். 1966-இல் எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளரும் அவர் குழுவினரும் ஒரு சோதனை செய்தார்கள். வினாடி வினாவில் கலந்துகொண்டவரின் ஒலிப்பதிவைச் சிலருக்குப் போட்டுக் காட்டினார்கள். ஒரு பதிவில் அவர் ஏறக்குறைய எல்லாக் கேள்விக்கும் சரியாகப் பதில் சொல்வார், இன்னொன்றில் சுமாராகச் சொல்வார். சில பதிவுகளின் முடிவில் அவர் காபியைத் தன்மேல் கொட்டிக்கொள்வது கேட்கும். கெட்டிக்காரர் கொட்டியபோது கேட்டவர்களுக்கு அவரைக் கூடுதலாகப் பிடித்தது. சுமாரானவர் கொட்டியபோது இருந்த மதிப்பும் குறைந்தது. காபி கொட்டுவதும் பேட்ச் கெடுவதும் ஒன்றல்ல, அந்த வித்தியாசத்தை மறக்க வேண்டாம். ஆனாலும், வேலை தெரிந்தவர் என்று பெயர் எடுத்தவருக்கு ஒரு தவறை ஒப்புக்கொள்வதால் மதிப்பு இறங்கிவிடாது. வேலை தெரியாதவர் முதலில் வேலையைக் கற்றுக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொள்வது அதற்கு ஈடாகாது.

இனி உங்கள் ஷிஃப்டில் தவறுகள் அதிகமாகப் பதிவாகும். பயப்படாதீர்கள். ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990-களில் மருத்துவமனைச் செவிலியர் குழுக்களை ஆராய்ந்தபோது, நல்ல குழுக்களில் மருந்து கொடுக்கும் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். பதிவேட்டில் அங்கேதான் அதிகம் இருந்தது. அங்கே இருந்தவர்கள் தவறை மறைக்காமல் சொன்னார்கள் என்பதே அவர் கண்ட விளக்கம். கெமிக்கல் ஆலையில், சொல்லாத தவறு அடுத்த ஷிஃப்டின் தலையில்தான் விடியும்.

கேள்வி: புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில் ஓர் அலுவலகத்தில் ஒன்பது பேர் கொண்ட அணிக்குத் தலைவி. அம்மாவுக்கு ஜிப்மரில் கீமோ நடக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. போன திங்கள் மீட்டிங்கில் அழுதுவிட்டேன். எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா?

பதில்: சொல்லுங்கள் அம்மா. எல்லாவற்றையும் அல்ல. உங்கள் அணிக்குத் தேவையானது மூன்று விஷயம்: என்ன நடக்கிறது, எந்த நாட்களில் நீங்கள் கிடைக்க மாட்டீர்கள், அப்போது யாரிடம் கேட்பது. கீமோ பல சிகிச்சைகளில் 21 நாளுக்கு ஒரு முறை வரும். உங்கள் அம்மாவுக்கான அட்டவணையைக் கேட்டு வாங்கிக்கொண்டு, “அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, கீமோ நடக்குது. இந்தத் தேதிகள்லயும் மறுநாளும் வரமாட்டேன். அப்ரூவல் எல்லாம் அன்னைக்கு இவர் பார்ப்பார்” என்று தேதியோடு சொல்லுங்கள். காலண்டரிலும் குறித்துவிடுங்கள்.

ஸ்கேன் ரிப்போர்ட், கடன், அண்ணன் தம்பிகளில் யார் வந்து பார்ப்பதில்லை என்பதெல்லாம் தோழிக்கும் சொந்தத்துக்கும். எதைச் சொல்வது, எதை விடுவது என்று குழம்பினால் இப்படிப் பாருங்கள்: இதைக் கேட்ட பிறகு, உங்களுக்குக் கீழே இருக்கும் பெண் லீவு கேட்கத் தயங்குவாளா? தயங்குவாள் என்றால் அதை விட்டுவிடுங்கள். உங்கள் சுமையைப் பார்த்து அவள் தன் சுமையை ஒளிப்பது அவளுக்கு நல்லதல்ல.

அழுததற்கு விளக்கக் கடிதம் எழுத வேண்டியதில்லை. மறுபடி அழுகை வந்தால் “ரெண்டு நிமிஷம்” என்று சொல்லி வெளியே போய் முகம் கழுவி, திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். திரும்பி வருவதுதான் முக்கியம். அப்படியே வீட்டுக்குப் போய்விட்டால், ஒன்பது பேரும் மாலை வரை அதையே பேசிக்கொண்டிருப்பார்கள். இரவில் தூக்கமே இல்லை என்றால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் (அரசின் மனநல உதவி எண்) தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

கேள்வி: புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் 40 பேர் வேலை செய்யும் பட்டறை வைத்திருக்கிறேன். பெரிய பார்ட்டி ஒன்று மூன்று மாதமாகப் பணம் தரவில்லை. இந்த மாதச் சம்பளம் தள்ளிப் போகும். மனம் திறந்து சொன்னால் ஆட்கள் புரிந்துகொள்வார்களா, வேறு இடம் தேடுவார்களா?

பதில்: இரண்டும் நடக்கும். வெளிப்படையாகச் சொல்வது சம்பளத்துக்கு மாற்று அல்ல என்பதை முதலில் மனதில் வையுங்கள். சம்பளத்தை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கொடுத்தாக வேண்டும் என்பது சட்டம். அதனால், எங்கிருந்து எவ்வளவு புரட்ட முடியும் என்ற கணக்கை முடித்த பிறகே ஆட்கள் முன்னால் நில்லுங்கள். பிடித்த பி.எஃப். பணத்தில் கை வைக்காதீர்கள். அது 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டியது.

சொல்வதை 2-ஆம் தேதியே சொல்லுங்கள். பலருக்கு வண்டிக் கடன் 5 அல்லது 10-ஆம் தேதி கழியும், செக் திரும்பினால் அபராதம் அவர்கள் தலையில். 6-ஆம் தேதி மாலை சொல்வது, சொல்லாததைவிட மோசம். குறைந்த சம்பளக்காரர்களுக்கு முழுசாக, மற்றவர்களுக்குப் பாதி, மீதி எந்தத் தேதி என்று எண்ணோடு சொல்லுங்கள். நீங்கள் இந்த மாதம் எதுவும் எடுக்கவில்லை என்பது உண்மையானால் அதையும் சொல்லுங்கள், ஒரே முறை. “சீக்கிரம் வந்துடும்பா” என்ற சொல்லே வேண்டாம். சொன்ன தேதி தவறப் போகிறது என்றால் முதல் நாளே வந்து சொல்லுங்கள்.

மூன்று மாதம் காத்திருந்ததே அதிகம். உத்யம் என்ற அரசுப் பதிவு உள்ள குறு, சிறு நிறுவனம் என்றால், 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் (எம்.எஸ்.எம்.இ.) சட்டப்படி வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கில், மாதாமாதம் கூட்டு வட்டி. தாமதமான பணத்துக்காக எம்.எஸ்.எம்.இ. அமைச்சகம் வைத்திருக்கும் இணையதளத்தில் மனு போடலாம். ஆட்களிடம் பேசும்போது ‘மனு போட்டாச்சு’ என்று சொல்ல முடிந்தால், உங்கள் பேச்சில் அவர்களுக்குப் பிடிமானம் கிடைக்கும்.

கேள்வி: பண்ருட்டிப் பக்கம் முந்திரி ஆலையில் சூப்பர்வைசர். மனசில் பட்டதை அப்படியே பேசுகிறவன் நான், உள்ளே ஒன்று வெளியே ஒன்று கிடையாது. இருந்தும் தோல் உரிக்கிற பெண்கள் மூன்று பேர் வேலையை விட்டுப் போய்விட்டார்கள்.

பதில்: மனசில் பட்டது எல்லாமே உண்மையாகிவிடாது. பருப்பு உடைந்திருக்கிறது, அது உண்மை. “உனக்குக் கை இருக்கா, கட்டை இருக்கா” என்பது உங்கள் கோபம். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால் அந்த அம்மாளுக்கு இரண்டாவதுதான் காதில் விழும்.

அடுத்த முறை உடைசல் கூடினால், வாயைத் திறப்பதற்கு முன் டிரையரைப் பாருங்கள். அளவுக்கு மேல் காய்ந்த பருப்பு மொறுமொறுப்பாகி, எவ்வளவு பக்குவமான கை பட்டாலும் உடையும். ஒரே டிரேயிலிருந்து இரண்டு பேருக்குப் பிரித்துக் கொடுங்கள். இருவரிடமும் உடைந்தால் குறை காயவைத்ததில். ஒருவரிடம் மட்டும் உடைந்தால், அவர் பக்கத்தில் உட்கார்ந்து, முழுப்பருப்பையும் உடைசலையும் தனித்தனியாகக் குவித்துக் காட்டி, “இது ஏன்மா இப்படி வருது?” என்று கேளுங்கள். கத்தி மழுங்கியிருப்பது, வெளிச்சம் போதாதது எல்லாம் அப்போதுதான் தெரியவரும். போன மூன்று பேரில் யாரையாவது டிரையர் தவறுக்காகத் திட்டியிருந்தால், அவர்கள் வீட்டுக்கே போய் அதைச் சொல்லிவிட்டு வாருங்கள். வேலைக்குத் திரும்பக் கூப்பிடுவதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.