அப்பாவின் துப்பாக்கி வீட்டில். உரிமம் அவரோடு முடிந்தது

கேள்வி: ஈரோடு மாவட்டத்தில், சத்தியமங்கலம் காட்டை ஒட்டிய கிராமத்தில் விவசாயம் செய்கிறேன். என் அப்பா உரிமம் பெற்று இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்றை முப்பது ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்தார். எட்டு மாதங்களுக்கு முன் காலமானார். துப்பாக்கியும் சில தோட்டாக்களும் வீட்டு பீரோவில் இருக்கின்றன. சாவி அம்மாவிடம் இருக்கிறது. உரிமம் முடிய இன்னும் இரண்டு ஆண்டுகள் இருப்பதால் அவசரமில்லை என்று விட்டுவிட்டோம். டெக்சாஸில் எச்-1பி விசாவில் வேலை பார்க்கும் அண்ணன், "இங்கே கடையில் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்கிறார்கள், அப்பா நினைவாக வைத்துக்கொள், இல்லாவிட்டால் நான் எடுத்துக்கொள்கிறேன்" என்கிறார். எனக்கு ஒரு தங்கையும் உண்டு. காட்டுப்பன்றித் தொல்லை இருப்பதால் துப்பாக்கி எனக்கும் உதவும். ஆனால் இப்போது காவல் நிலையத்துக்குப் போனால் என்னைக் கைது செய்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைந்துவிடுகிறேன். உரிமப் புத்தகத்தில் அச்சிட்டிருக்கும் தேதி உங்களுக்குப் பயன்படாது. துப்பாக்கி சொத்து என்பதால் வாரிசுகளுக்கு வரும். உரிமம் அப்படியல்ல, அது உங்கள் அப்பா என்ற ஒரு மனிதரை விசாரித்து, அவரை நம்பி, அவர் பெயருக்கு அரசு கொடுத்த அனுமதி. அவர் இறந்த அன்றே அது முடிந்துவிட்டது. ஆக, கடந்த எட்டு மாதங்களாக உங்கள் வீட்டில் இருப்பது உரிமமில்லாத துப்பாக்கி.

இதன் கனம் என்ன என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆயுதச் சட்டம், 1959-இன் 3-ஆம் பிரிவு, உரிமமின்றித் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக்கூடாது என்கிறது. மீறினால் 25(1பி) பிரிவின்படி தண்டனை. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அது குறைந்தது இரண்டு ஆண்டு, அதிகபட்சம் ஐந்து ஆண்டு சிறை, அதோடு அபராதம். தோட்டா மட்டும் தனியாக இருந்தாலும் இதே பிரிவுதான். கையில் பிடித்திருந்தால்தான் 'வைத்திருத்தல்' என்பதும் இல்லை. ஆயுதம் இருப்பது தெரிந்து, அதன் மீது கட்டுப்பாடும் இருந்தால் போதும் என்று உச்ச நீதிமன்றம் 1972-லேயே விளக்கிவிட்டது. பீரோ சாவி அம்மாவிடம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நாளை வழக்கு என்று வந்தால் முதல் கேள்வி அவரைத்தான் நோக்கி வரும். கணவரின் நினைவாக அவர் காத்து வைத்திருக்கும் பொருள் அவரையே நீதிமன்றப் படியேற வைக்கக்கூடாது. இந்த ஒரு காரணத்துக்காகவே இந்த வாரம் காரியத்தை முடியுங்கள்.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். இந்த நிலைமையைச் சட்டம் எதிர்பார்த்தே எழுதப்பட்டிருக்கிறது. ஏதாவது ஒரு காரணத்தால் ஆயுதத்தை வைத்திருப்பது சட்டப்படி செல்லாததாகிவிட்டால், தேவையற்ற தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டும் என்று 21-ஆம் பிரிவு சொல்கிறது. எட்டு மாதம் என்பது தாமதம்தான். ஆனாலும் இறப்புச் சான்றிதழோடும் பழைய உரிமத்தோடும் தானாக முன்வந்து ஒப்படைப்பவரின் நிலை வேறு, சோதனையில் பிடிபடுபவரின் நிலை வேறு. மேலும், 3-ஆம் பிரிவை மீறியதற்காக வழக்குத் தொடர மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும் என்று 39-ஆம் பிரிவு ஒரு தடுப்பை வைத்திருக்கிறது. துக்கத்தில் இருந்த குடும்பம் தாமதமாக, ஆனால் நேர்மையாக ஒப்படைத்தது என்பதற்கு உங்கள் கையில் எழுத்துச் சான்று இருக்க வேண்டும். அதைத்தான் இப்போது உருவாக்கப் போகிறோம்.

துப்பாக்கியைத் துணியில் சுற்றி பைக்கில் வைத்துக்கொண்டு நிலையத்துக்குப் போய்விடாதீர்கள். வழியில் வாகனச் சோதனையில் நிறுத்தினால், ஒப்படைக்கத்தான் போகிறேன் என்பதை நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும். முதலில் கடிதம் எழுதுங்கள். அப்பாவின் பெயர், இறந்த தேதி, உரிம எண், துப்பாக்கியின் வகை, அதில் பொறித்திருக்கும் எண், தோட்டாக்களின் எண்ணிக்கை, ஒப்படைக்க விரும்புகிறோம் என்ற வாக்கியம், தாமதத்துக்கான உண்மையான காரணம் ஆகிய எல்லாம் அதில் இருக்கட்டும். நிலைய ஆய்வாளருக்கு ஒன்று, மாவட்ட ஆட்சியருக்கு ஒரு நகல், இரண்டையும் சேர்ப்பித்ததற்கான சான்று கிடைக்கும்படி விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்புங்கள். பிறகு நிலையத்துக்குப் போன் செய்து, வீட்டுக்கு வந்து எடுத்துக்கொள்ளவோ, காவலர் ஒருவருடன் கொண்டுவரவோ ஏற்பாடு கேளுங்கள். குழலுக்குள் தோட்டா இருக்கிறதா என்று நீங்கள் திறந்து பார்க்க வேண்டாம். பழகாத கை அந்த வேலையைச் செய்யக்கூடாது.

ஒப்படைத்ததும் ரசீது வாங்குங்கள். துப்பாக்கியின் எண்ணும் அப்போதைய நிலையும் ரசீதில் இல்லையென்றால் எழுதித் தரச் சொல்லுங்கள். உங்கள் அப்பா ஒவ்வொரு தேர்தலின்போதும் துப்பாக்கியை ஒப்படைத்துத் திரும்ப வாங்கியிருப்பார். அந்தப் பழைய ரசீதுகள் உரிமப் புத்தகத்துக்குள்ளேயே மடித்து வைக்கப்பட்டிருக்கும், தேடிப் பாருங்கள். இத்தனை ஆண்டுகள் அவர் ஒழுங்காக நடந்துகொண்டார் என்பதற்கு அவைதான் சான்று. பின்னர் நீங்கள் உரிமம் கேட்கும்போது அவை பெரிதும் உதவும்.

ஒப்படைத்தால் துப்பாக்கி போய்விடும் என்று அம்மா நினைக்கலாம். போகாது. 21-ஆம் பிரிவே, வாரிசு உரிமம் பெற்றபின் அதைத் திரும்பப் பெறலாம் என்கிறது. உரிமம் வேண்டாமென்றால் உரிமமுள்ள வேறொருவருக்கோ வணிகருக்கோ விற்கலாம் என்கிறது. விதிகளில் உள்ள கெடுவுக்குள் இரண்டில் ஒன்றையும் செய்யாவிட்டால்தான் மாவட்ட ஆட்சியரின் உத்தரவால் அது அரசுக்குப் போகும். எனவே ஒப்படைத்த கையோடு அடுத்த விண்ணப்பத்தையும் போட்டுவிடுங்கள்.

ஆயுத விதிகள், 2016-இன் 25-ஆம் விதி, உரிமதாரர் இறந்தபின் சட்டப்பூர்வ வாரிசுக்கு உரிமம் வழங்க வழி செய்கிறது. இன்னொன்றும் அதில் உண்டு. எழுபது வயதைக் கடந்தவரோ, இருபத்தைந்து ஆண்டுகள் துப்பாக்கி வைத்திருந்தவரோ தம் வாழ்நாளிலேயே ஒரு வாரிசைக் காட்டி உரிமம் கேட்கலாம். உங்கள் அப்பாவுக்கு யாராவது இதைச் சொல்லியிருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது. உரிமம் வைத்திருக்கும் பெரியவர்கள் இன்னும் பல தோட்டங்களில் இருக்கிறார்கள். அவர்களின் பிள்ளைகள் இதைப் படித்தால் இன்றே பேசட்டும்.

விண்ணப்பத்துக்கு வாரிசுச் சான்றிதழும், அம்மா, அண்ணன், தங்கை மூவரின் ஆட்சேபமில்லாக் கடிதங்களும் தேவைப்படும். உங்களுக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும், வன்முறைக் குற்றத்தில் தண்டனை பெற்றிருக்கக்கூடாது. ஆயுதத்தைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சிச் சான்றிதழும் கேட்பார்கள். காவல்துறை விசாரணை நடக்கும். போதிய சொத்து இல்லை என்ற காரணத்தை மட்டும் சொல்லி மறுக்கக்கூடாது என்று 14-ஆம் பிரிவில் ஒரு வரி இருக்கிறது. சிறு விவசாயிகள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். 18-ஆம் பிரிவின்படி மேல்முறையீடு உண்டு. கிடைத்தால் உரிமம் ஐந்து ஆண்டுக்குச் செல்லும்.

உங்கள் ஊருக்கென்று தனியாக ஒரு தடை இருக்கிறது. சத்தியமங்கலம் வனவிலங்குச் சரணாலயம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் 34-ஆம் பிரிவின்படி, சரணாலயத்திலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் புதிய ஆயுத உரிமம் வழங்க தலைமை வனவிலங்குக் காப்பாளரின் முன் இசைவு வேண்டும். வாரிசுக்குத் தரப்படுவதும் உங்கள் பெயரில் புதிதாகத் தரப்படும் உரிமம்தான் என்பதால், இந்த இசைவைக் கேட்பார்கள் என்று எதிர்பார்த்தே தயாராகுங்கள். உங்கள் நிலத்திலிருந்து சரணாலய எல்லை வரை உள்ள தூரத்தை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்.

பன்றி விஷயத்தில் நான் கண்டிப்பாகவே பேச வேண்டியிருக்கிறது. துப்பாக்கி உரிமம் பன்றியைச் சுடும் உரிமை ஆகாது. காட்டுப்பன்றி பாதுகாக்கப்பட்ட விலங்கு. அனுமதியின்றிச் சுட்டால் வனக் குற்றம். 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு அறிவித்த ஏற்பாட்டிலும், காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை சுட அனுமதியில்லை. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். அதற்கு அப்பால்தான் சுடலாம், அதையும் வனத்துறையினரே செய்ய வேண்டும். விளைந்த கிழங்கை ஒரே இரவில் பறிகொடுப்பவரின் வயிற்றெரிச்சல் எனக்குப் புரிகிறது. பயிர் சேதத்துக்கு இழப்பீடு கேட்டு வனத்துறைக்கு விண்ணப்பியுங்கள். பன்றிக்காக மட்டும்தான் இந்த உரிமம் வேண்டுமென்றால், விற்றுவிடுவதே நல்லது என்பது என் கருத்து.

அண்ணன் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. அமெரிக்காவில் ஆயுதம் வைத்திருப்பது 1791-இல் வந்த இரண்டாவது அரசியல் சட்டத் திருத்தம் தரும் உரிமை. வீட்டில் தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி வைத்திருப்பது தனிமனிதனின் உரிமை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2008-இல் உறுதி செய்தது. டெக்சாஸில் 2021 முதல், 21 வயதானவர்களில் தடையில்லாத எவரும் தனி அனுமதிச் சீட்டு இல்லாமலே கைத்துப்பாக்கியை வெளியில் எடுத்துச் செல்லலாம். நம் அரசியல் சட்டம் அப்படியொரு உரிமையை யாருக்கும் தரவில்லை. 2023-இல் நம் உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டையே சுட்டிக்காட்டியது. பிரிட்டனிலோ 1996-இல் டன்பிளேன் பள்ளியில் நடந்த படுகொலைக்குப் பிறகு கைத்துப்பாக்கிகளையே கிட்டத்தட்ட முழுவதுமாகத் தடைசெய்துவிட்டார்கள். அண்ணன் ஊர்ச் சட்டம் அண்ணன் ஊரோடு சரி.

ஆனால் அவர் அறியாமல் இருக்கும் மறுபாதிதான் எனக்குக் கவலை தருகிறது. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்காவின் கூட்டாட்சிச் சட்டம் தடைசெய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பவர் போன்ற சிலருக்கு மட்டுமே விலக்கு. கிரீன் கார்டு பெற்றவருக்கு இந்தத் தடை இல்லை. மீறினால் பதினைந்து ஆண்டு வரை சிறை. சிறைக்குப் பிறகு நாடு கடத்தலும் வரலாம். டெக்சாஸ் மாநிலச் சட்டம் எவ்வளவு தளர்வாக இருந்தாலும் இந்தத் தடை அப்படியே நிற்கும். சொந்தமாக வாங்கினால்தான் குற்றம் என்பதும் இல்லை. விசா தகுதியை இழந்த வெளிநாட்டு மாணவர் ஒருவர் புளோரிடாவில் பயிற்சிக்கூடம் ஒன்றில் துப்பாக்கி சுட்டதற்காகத் தொடரப்பட்ட வழக்கு 2019-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. நண்பர்கள் வார இறுதியில் சுடுதளத்துக்கு அழைத்தால், அங்குள்ள வழக்கறிஞரைக் கேட்காமல் போக வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லுங்கள். உங்கள் அப்பாவின் துப்பாக்கியை அவர் கொண்டுபோகவும் முடியாது. இந்தியாவிலிருந்து ஆயுதத்தை வெளியே எடுத்துச் செல்ல 10-ஆம் பிரிவின்படி தனி உரிமம் வேண்டும், அங்கே இறக்குமதி அனுமதியும் வேண்டும்.

நினைவுப் பொருளாக வைத்துக்கொள்ளலாமா என்றால், பழுது பார்த்தாலும் சுட முடியாத பழங்கால ஆயுதத்துக்குத்தான் 45-ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. உங்களுடையது இயங்கும் துப்பாக்கி. பட்டறையில் கொடுத்துக் குழலை அடைத்துவிடவும் நினைக்காதீர்கள். உரிமம் இல்லாத நிலையில் அப்படிக் கொடுப்பதே இன்னொரு வழக்குக்கு இடம் தரும்.

அண்ணனின் ஆட்சேபமில்லாக் கடிதத்தை ஹூஸ்டனில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அனுப்பச் சொல்லுங்கள். அதற்கு நாளாகும் என்பதால் இன்றே கேட்டுவிடுங்கள். அப்பா பயன்படுத்திய பைகள், பெட்டிகள், கோட்டுப் பைகள் எல்லாவற்றையும் தேடி, கிடைக்கும் தோட்டாக்களையும் சேர்த்தே ஒப்படையுங்கள். அடுத்த முறை ஊருக்கு வரும் அண்ணன் அப்பாவின் பையில் துணியை எடுத்துக்கொண்டு சிங்கப்பூர் வழியாகத் திரும்பலாம். அந்நாட்டில் சட்டவிரோதமாகத் தோட்டா வைத்திருந்தால் ஐந்து முதல் பத்து ஆண்டு வரை சிறையும் குறைந்தது ஆறு பிரம்படியும் உண்டு.