அலையும் ஓதமும்: கேளுங்க, சொல்றேன்

சிங்கப்பூர் நீரிணையில இழுவைப் படகு ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். கடலைப் பத்திக் கேளுங்க. மீன் விலை வேண்டாம்.

பிடோக் தம்பி: அண்ணே, அலையும் ஓதமும் ஒண்ணுதானே?

இல்லை தம்பி. அலை காத்து கிளப்புறது. காத்தோட வேகம், அடிக்கிற நேரம், தடையில்லாம தண்ணி மேல ஓடுற தூரம், இந்த மூணும்தான் அலையோட உயரம். நம்மைச் சுத்தி நிலம்: சுமத்ரா, ஜொகூர், பாத்தாம். காத்துக்கு ஓட இடமில்லை. ஈஸ்ட் கோஸ்ட்ல உங்க காலை நனைக்கிற பல அலை, கப்பல் கிளப்பிவிட்டது. ஓதம்னா கடல் மட்டமே ஏறி இறங்குறது. இங்க நாளைக்கு ரெண்டு ஏற்றம், ரெண்டு வற்றம். தினம் சுமார் 50 நிமிஷம் தள்ளிப்போகும். ஓத அட்டவணை பார்க்காம, வற்றத்துல தெரியுற சேத்துல இறங்காதீங்க.

ஈசூன் அக்கா: நிலா ஒரு பக்கம்தானே இருக்கு? ஏன் ரெண்டு ஏற்றம்?

இதுக்காகத்தான் உட்கார்ந்திருக்கேன். நிலா தன் பக்கத்துத் தண்ணியைப் பூமியோட நடுவைவிடக் கூடுதலா இழுக்குது, எதிர்ப்பக்கத் தண்ணியைக் குறைச்சலா. இங்க தண்ணி முந்துது, அங்க பின்தங்குது. ரெண்டு பக்கமும் மேடு. முக்கியம் இழுப்பு இல்லை, இழுப்புல உள்ள வித்தியாசம். சூரியன் நம்மை நிலாவைவிடச் சுமார் 180 மடங்கு பலமா இழுக்குது. ஆனா ரொம்பத் தள்ளி இருக்கு, அதனால வித்தியாசம் கம்மி. ஓதத்துல அதோட பங்கு நிலாவோடதுல பாதிகூட இல்லை. அமாவாசை, பௌர்ணமிக்கு ரெண்டும் ஒரே கோட்டுக்கு வரும். அதையொட்டி நம்ம கடல் 3 மீட்டர் வரைக்கும் ஏறி இறங்கும். சென்னையில ஏறத்தாழ 1 மீட்டர்தான். அதே நிலா, கடலோட ஆழமும் கரையோட வடிவமும் வேற.

உட்லண்ட்ஸ்: நிலா இல்லேன்னா அலையே வராதா?

முதல் பதில்.

தெம்பனிஸ்: சுனாமியும் ஓதம்தானே?

இல்லை. 2004 டிசம்பர் 26 சுனாமி கடலடி நிலநடுக்கத்தால வந்தது. நடுவுல சுமத்ரா நின்னதால நாம தப்பிச்சோம்.

தோ பாயோ: கடலையே அசைக்கிற நிலா, பாதிக்கு மேல தண்ணியான நம்ம உடம்பை விடுமா?

நீச்சல் குளத்துல ஓதம் பார்த்திருக்கீங்களா? உச்சந்தலைக்கும் உள்ளங்காலுக்கும் நடுவுல இழுப்பு என்ன பெருசா மாறிடும்?

தோ பாயோ: என் மாமியாருக்குப் பௌர்ணமின்னா தூக்கமே வராதுங்க!

ஈசூன் அக்கா: எனக்கும்தான்.

ஜன்னல் திரையை மூடிப் பாருங்க. வெளிச்சம் வேற, ஓதம் வேற.

தோ பாயோ: அப்போ பெரியவங்க சொன்னதெல்லாம் பொய்யா?

கடல்ல பிழைச்ச பெரியவங்க உவா நாள், அதாவது அமாவாசை, பௌர்ணமி, பார்த்தது வலை போட, படகு தள்ள. மாமியாருக்காக இல்லை. அடுத்தது.

ஹவ்காங்: பௌர்ணமிக்கு அலை பெருசாகுமா?

மறுபடியுமா! காத்தைக் கேளுங்க.

பொங்கோல் தம்பி: ஞாயித்துக்கிழமை புலாவ் ஹந்துங்கிற ரெட்டைத் தீவுக்குப் போறோம். பெரிய தீவுல இருந்து சின்னதுக்கு நடந்தே போகலாமாமே?

வற்றத்துல போகலாம். திரும்பி வர்றதுக்குள்ள தண்ணி ஏறிடும். அட்டவணை பார்த்தீங்களா?

பொங்கோல் தம்பி: எந்த அட்டவணை?