சட்ட நூலகம்: பழைய நூல்களைக் கழிக்கலாமா?

கேள்வி: கோவை அருகே ஒரு பல்கலைக்கழகச் சட்ட நூலகத்துக்கு அண்மையில் பொறுப்பேற்றேன். புதிய குற்றவியல் சட்டங்கள் வந்துவிட்டதால் பழைய தண்டனைச் சட்ட நூல்களைக் கழித்துவிட்டு, முழுவதும் இணையச் சந்தாவுக்கு மாறச் சொல்கிறார்கள். மாறலாமா?
– வாசகி, ஈரோடு

பதில்: கழிக்க வேண்டாம். 2024 ஜூலை 1 அன்று பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோதிலும், அதற்கு முன் நிகழ்ந்த குற்றங்களுக்கு 1860-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டமே பொருந்தும் என்பதால், நாளை பொள்ளாச்சியிலோ கோபியிலோ வழக்காடப் போகும் உங்கள் மாணவருக்கு இரண்டும் தேவைப்படும். கொலைக்கான பழைய 302-ஆம் பிரிவு இப்போது 103 ஆகிவிட்டது. புதிய சட்டத்தின் 302-ஆம் பிரிவோ மத உணர்வைப் புண்படுத்தும் பேச்சைப் பற்றியது. (ஊரில் இன்னும் ‘ஃபோர் ட்வென்டி’ என்றே திட்டுகிறார்கள், புதிய சட்டம் 358 பிரிவுகளோடு முடிந்துவிடுகிறது!) பழைய எண்ணையும் புதிய எண்ணையும் இணைத்துக் காட்டும் அட்டவணை ஒன்றை அலமாரியின் பக்கவாட்டிலேயே ஒட்டிவையுங்கள்.

சந்தாவைப் பொறுத்தவரை, பணம் நின்ற மறுநாள் முந்தைய ஆண்டுகளின் தீர்ப்புகளும் கிடைக்குமா என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிய பின்னரே கையெழுத்திடுங்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை அந்நீதிமன்றமே இணையத்தில் இலவசமாகத் தருகிறது என்பதையும் விலை பேசும்போது எடுத்துச் சொல்லுங்கள்.