பக்தபூரில் மூன்று இரவு தங்குங்கள்

கேள்வி: வரும் அக்டோபரில் பத்து நாள் நேபாளம் போகிறோம். நான், கணவர், 68 வயது மாமியார், 12 வயது மகன். பயண ஏற்பாட்டாளர் தந்த திட்டத்தில் காத்மாண்டு, பக்தபூர், நாகர்கோட், லும்பினி, பொக்காரா, முக்திநாத், சித்வன் எல்லாம் இருக்கின்றன. பக்தபூருக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார். இது சரிப்பட்டு வருமா?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: சரிப்பட்டு வராது, சகோதரி. காத்மாண்டிலிருந்து பொக்காரா 200 கிலோமீட்டர்தான். ஆனால் மலைச்சாலை; ஒரு பகல் முழுவதும் பிடிக்கும். ஏழு ஊர்களை இப்படி அடுக்கினால் மாமியாருக்கு முதுகுவலிதான் மிஞ்சும். லும்பினியையும் நாகர்கோட்டையும் எடுத்துவிடுங்கள். முக்திநாத் 108 திவ்ய தேசங்களில் ஒன்று, விட மனம் வராது என்பது புரிகிறது. ஆனால் அது 3,700 மீட்டருக்கு மேல் இருக்கிறது. உடல் அந்த உயரத்துக்குப் பழக நாள் கொடுக்க வேண்டும். மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, அதற்கென்றே தனியாக ஒருமுறை போய்வாருங்கள்.

மிச்சமாகும் நாட்களில் மூன்று இரவை, காத்மாண்டுக்குப் பக்கத்துப் பழைய நகரமான பக்தபூருக்குக் கொடுங்கள். 2013இல் நானும் அந்த ஊருக்கு இரண்டு மணி நேரமே கொடுத்தேன். நியாதபோலா கோயில் முன் படம் எடுத்துக்கொண்டேன், தயிர் சாப்பிட்டேன், வண்டியேறிவிட்டேன். அரண்மனைச் சதுக்கத்தில் இருந்த வத்சலா துர்கா கோயிலை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில் அது தரைமட்டமானது. செய்தியில் அந்தக் கற்குவியலைக் கண்ட அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

2018இல் திரும்பிப் போய் மூன்று இரவு தங்கினேன். மாலையில் சுற்றுலா வண்டிகள் கிளம்பிய பிறகு ஊர் தன் மக்களிடம் திரும்பி வருகிறது. கோயிலடித் திண்ணைகளில் முதியவர்கள் மேளம் தட்டிப் பாட உட்காருகிறார்கள். விடியும் முன்பே மணியோசை. பூஜைத் தட்டுடன் பெண்கள் சந்து சந்தாகப் போகிறார்கள். குயவர் சதுக்கத்தில் ஈரப் பானைகள் வரிசையாகக் காய்கின்றன. அறுவடைக் காலமானால் அதே சதுக்கத்தில் நெல்லும் காயும். தச்சர்கள் தெருவோரம் உட்கார்ந்து புதிய மரத்தில் பழைய உருவங்களைச் செதுக்கிக்கொண்டிருந்தார்கள். வத்சலா கோயிலும் இப்போது மீண்டும் எழுந்து நிற்கிறது.

நியாதபோலாவின் படிகளில் மகனை ஏற்றிவிடுங்கள். மன்னர் பூபதீந்திர மல்லர் 1702இல் கட்டிய ஐந்தடுக்குக் கோயில் அது. படியோரச் சிலைகளில், கீழே இரண்டு மல்யுத்த வீரர்கள், அதற்கு மேல் யானைகள், சிங்கங்கள், யாளி போன்ற விலங்குகள், உச்சியில் இரு தேவியர். ஒவ்வொரு ஜோடிக்கும் கீழே இருப்பதைவிடப் பத்து மடங்கு பலம் என்பார்கள். மாமியார் கீழே உட்கார்ந்து, மண்சட்டியில் வரும் ‘ஜூஜூ தௌ’ தயிரை நிதானமாகச் சாப்பிடட்டும். நுழைவுக் கட்டணம் நம்மைப் போன்ற சார்க் (தெற்காசியக் கூட்டமைப்பு) நாட்டினருக்குக் குறைவு. டிக்கெட் வாங்கும்போதே எத்தனை நாள் தங்குகிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள்.

பசுபதிநாதர் கோயிலுக்கும், பாட்டன் நகரில் 1637இல் கல்லால் எழுப்பிய கிருஷ்ணர் கோயிலுக்கும் அங்கிருந்தே போய்வரலாம். பசுபதிநாதருக்குப் பூஜை செய்யும் பட்டர்கள் கர்நாடகத்துக்காரர்கள் என்று சொன்னால் மாமியார் மகிழ்வார். பசுபதிநாதர் கோயிலை ஒட்டிய பாக்மதி ஆற்றங்கரையில் எரியும் சிதைகளை மட்டும் தயவுசெய்து படம் எடுக்காதீர்கள். அங்கே ஒரு குடும்பம் அழுதுகொண்டிருக்கிறது.

அடுத்து பந்திபூரில் ஓர் இரவு. பொக்காரா சாலையில் டும்ரேயில் இறங்கி எட்டு கிலோமீட்டர் மேலே ஏற வேண்டும். பக்தபூரிலிருந்து வந்த நேவார் இன வணிகர்கள் வளர்த்த ஊர் என்பதால் வீடுகளின் முகத்தில் அதே சாயல் தெரியும். மலேரியா எட்டாத உயரத்தில், திபெத்துக்கும் இந்தியாவுக்கும் இடையிலான வணிகப் பாதையில் கொழித்தது. பிறகு நெடுஞ்சாலை கீழே போனது, கடைக்காரர்களும் கீழே இறங்கிவிட்டார்கள். மேலே கல் பாவிய கடைத்தெருவில் இன்றும் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. வானம் தெளிந்தால் அன்னபூர்ணா மலைத்தொடரே எதிரே நிற்கும்.

பொக்காராவுக்கு இரண்டு இரவு போதும். ஃபேவா ஏரியில் படகு, விடியலில் சாரங்கோட் குன்று. சித்வனில் இரண்டு. கடைசி இரவு காத்மாண்டில் இருங்கள். மலைச்சாலையை நம்பி அன்றே விமானம் பிடிக்கத் திட்டமிட வேண்டாம். தசைன் பண்டிகை எந்த நாளில் வருகிறது என்றும் பாருங்கள். அந்த வாரம் நாடே சொந்த ஊருக்குக் கிளம்பிவிடும், பஸ்ஸில் இடம் கிடைக்காது.

கேள்வி: நேபாளம் போக ஆதார் அட்டை போதுமா?
- வாசகர், கரூர்

பதில்: போதாது. விசா தேவையில்லை, ஆனால் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும். 65 வயதைத் தாண்டியவர்களுக்கும் 15 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் மட்டும் ஆதார் போன்ற வேறு புகைப்பட அடையாளம் செல்லும். நம் ஒரு ரூபாய்க்கு அவர்கள் பணம் 1.60. கடிகாரத்தைக் கால் மணி நேரம் முன்னே தள்ளிக்கொள்ளுங்கள்.

கேள்வி: சித்வனில் காண்டாமிருகம் கண்ணில் படுமா? யானைச் சவாரி செய்யலாமா?
- மாணவி, மதுரை

பதில்: பெரும்பாலும் படும். 2021 கணக்கெடுப்பில் நேபாளத்தில் இருந்த 752 காண்டாமிருகங்களில் 694 சித்வனில்தான் இருந்தன. ஒரு காலத்தில் இது வேட்டைக்காடு. 1911இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் வந்தபோது 39 புலிகளும் 18 காண்டாமிருகங்களும் சுடப்பட்டன. அதற்குப் பிறகும் காட்டைக் காத்தது மலேரியாதான். அங்கேயே வாழ்ந்துவந்த தாரு இன மக்களைத் தவிர வேறு யாரும் அங்கே தங்க அஞ்சினார்கள். 1950களில் கொசு ஒழிப்பு தொடங்கியதும் காடு வயலானது, காண்டாமிருகங்கள் சுமார் நூறாகச் சுருங்கின. 1973இல் தேசியப் பூங்கா வந்திராவிட்டால் இன்று நாம் போவதற்கே காரணம் இருந்திருக்காது.

யானைச் சவாரி வேண்டாம். அந்த யானையைப் பழக்குவதற்குக் கொடுக்கும் வலியை நினைத்தால் எனக்கு அதன் முதுகில் ஏற மனம் வருவதில்லை. ஜீப் இருக்கிறது, அதைவிட நல்லது ராப்தி ஆற்றில் மரத்தைக் குடைந்து செய்த படகு. நான் அதில் போன அன்று, காலை ஏழு மணிப் பனிமூட்டத்தில், வழிகாட்டி கையை உயர்த்திப் பேச்சை நிறுத்தச் சொன்னார். துடுப்பும் நின்றது. முப்பதடி தள்ளி, தண்ணீரில் காது மட்டும் அசைய ஒரு காண்டாமிருகம் நின்றுகொண்டிருந்தது. அது தானாகக் கரையேறிப் புல்லுக்குள் மறையும்வரை நாங்கள் ஐந்து பேரும் அசையவில்லை.