பின்னல் எக்ஸ்டென்ஷன் போட்ட தலைக்குத் தண்ணீர் ஊற்றலாமா?

கேள்வி: சென்னையில் பணிபுரிகிறேன், தினமும் ஸ்கூட்டரில் போய் வருகிறேன். மூன்று வாரங்களுக்கு முன் ஒரு பார்லரில் செயற்கை முடி சேர்த்துத் தலை முழுவதும் பாக்ஸ் பிரெய்ட்ஸ் என்ற சிறு சிறு பின்னல்களைப் போட்டுக்கொண்டேன். இரண்டு மாதங்களுக்குத் தலையில் தண்ணீர் படக் கூடாது, தாங்கள் விற்கும் ஸ்பிரேயை அடித்தால் போதும் என்றார்கள். பத்து நாட்களாக அரிப்பு தாங்கவில்லை, நாற்றம் வருகிறது, வகிடுகளில் வெள்ளைச் செதில்கள் தெரிகின்றன. மருந்துக் கடையில் ஒரு களிம்பு கொடுத்தார்கள். தலைக்குக் குளிக்கலாமா?

தோல் மருத்துவரின் பதில்: குளிக்கலாம் என்பதைவிட, வாரம் ஒரு முறை குளித்தே ஆக வேண்டும் என்று சொல்வேன். முடியைப் பின்னிவிட்டதால் எண்ணெய்ச் சுரப்பிகளோ வியர்வைச் சுரப்பிகளோ வேலையை நிறுத்திக்கொள்வதில்லை. எல்லோருடைய தலையிலும் மலசீசியா என்ற ஒரு வகைப் பூஞ்சை வாழ்கிறது. தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய்தான் அதற்கு உணவு. ஹெல்மெட்டுக்குள் மணிக்கணக்கில் வியர்க்கும் தலையை மூன்று வாரம் கழுவாமல் விட்டால் அது பெருகும். பொடுகும் அரிப்பும் வரும். அந்த ஸ்பிரேயில் வாசனையும் ஆல்கஹாலும் இருந்தால் நாற்றத்தைச் சிறிது நேரம் மறைக்குமே தவிர, அழுக்கை அகற்றாது. அழுக்கை அகற்றத் தண்ணீர் ஓட வேண்டும்.

இந்தப் பின்னல் ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண்களின் மரபு. நெருக்கமாகச் சுருண்ட முடியில் எண்ணெய் வேரிலிருந்து நுனிக்கு எளிதில் இறங்காது. முடி வறண்டே இருக்கும். அதனால் அவர்களில் பலர் ஒன்று அல்லது இரண்டு வாரங்களுக்கு ஒரு முறை அலசுகிறார்கள். அந்த அறிவுரை பல கை மாறி நம் ஊர் பார்லருக்கு வந்து சேரும்போது, அலசவே வேண்டாம் என்று திரிந்துவிட்டது. நம்மில் பெரும்பாலோருக்கு நேரான அல்லது அலையலையான முடி. எண்ணெய் விரைவில் இறங்கிவிடும். நம்மிடையேயும் சுருள் முடிக்காரர்கள் இருக்கிறார்கள். உங்கள் முடி ஸ்பிரிங் போலச் சுருண்டு, குளித்த நான்காம் நாளிலும் வறட்சியாகவே இருக்கும் என்றால், பத்து நாட்களுக்கு ஒரு முறை அலசினால் போதும். ஆனால் வெறும் அலைமுடியைச் சுருள் முடி என்று எண்ணிக்கொண்டு இந்தச் சலுகையை எடுத்துக்கொள்ளாதீர்கள். சுருள் முடியே ஆனாலும், ஹெல்மெட் அணிபவருக்கும் தினமும் உடற்பயிற்சியில் வியர்ப்பவருக்கும் வாரக் கணக்குத்தான்.

அலசும் முறை கடினமானதல்ல. கூர்முனை கொண்ட பிளாஸ்டிக் பாட்டிலில் ஒரு பங்கு ஷாம்பூவுக்கு நான்கைந்து பங்கு தண்ணீர் கலந்துகொள்ளுங்கள். கெட்டியாக ஊற்றினால் நுரை பின்னலுக்குள் தங்கி, அதுவே அரிக்கும். பின்னல்களைப் பிரித்துப் பிடித்து, ஒவ்வொரு வகிட்டிலும் அந்தக் கலவையை விட்டு, நகம் படாமல் விரல் நுனியால் தலைத்தோலை மெதுவாக அழுத்தித் தேயுங்கள். பின்னல்களைக் கசக்க வேண்டாம். வழிந்து வரும் நுரையை உள்ளங்கையால் பிழிந்தாலே போதும். வழுவழுப்பு போகும்வரை தண்ணீர் விடுங்கள். உங்களுக்குப் பொடுகு வந்துவிட்டதால், முதல் இரண்டு வாரங்கள் வாரத்துக்கு இரண்டு முறை பூஞ்சையைக் கட்டுப்படுத்தும் 2 சதவீத கீட்டோகோனசோல் ஷாம்பூவை இதே முறையில் விட்டு, ஐந்து நிமிடம் ஊறவைத்து அலசுங்கள்.

உலர்த்துவதில்தான் பலர் தவறுகிறார்கள். ஒரு பின்னலை அலசிய பின் விரல்களுக்கிடையில் வைத்து அழுத்திப் பாருங்கள்: வெளியே காய்ந்தது போலத் தெரியும், நடுவிலிருந்து நீர் கசியும். அந்த ஈரத்தோடு கொண்டை போட்டாலோ, ஹெல்மெட் அணிந்தாலோ, படுத்தாலோ மக்கிய துணியின் நாற்றம் வந்துவிடும். ஆகவே விடுமுறை நாள் காலையில் அலசி, பருத்தித் துணியால் ஒற்றி எடுத்து, மின்விசிறிக் காற்றிலோ டிரையரின் குளிர்காற்றிலோ முழுதும் உலர விடுங்கள். சூடான காற்றும் சாம்பிராணி அனலும் வேண்டாம். செயற்கை இழை சூட்டில் சுருங்கும்.

சீயக்காய்த் தூளும் அரப்புத் தூளும் மற்ற நாட்களில் நல்லவைதான், இப்போது வேண்டாம். அவற்றின் துகள் பின்னலுக்குள் புகுந்தால் வெளியே வராது. தேங்காய் எண்ணெயையும் தலைத்தோலில் தேய்க்காதீர்கள். அரிப்பு தணிவது போலத் தோன்றும், ஆனால் தூசி வேரில் ஒட்டிப் பசையாகிவிடும்.

அரிப்பு பின்னல் போட்ட அன்றோ மறுநாளோ தொடங்கியிருந்தால், இழையின் மேல் பூசப்பட்ட ரசாயனத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். உங்களுக்குப் பத்து நாள் கழித்தே தொடங்கியதால் அழுக்கும் பொடுகுமே காரணமாக இருக்கும். ஆனாலும் அந்த இழை எது என்று உங்களுக்குச் சொன்னார்களா? ஷாம்பூ பாட்டிலில் சேர்மானங்களை அச்சிட வேண்டும் என்று விதி இருக்கிறது. இரண்டு மாதம் தலையோடு ஒட்டிக் கிடக்கும் இழையோ பெயர் கூட இல்லாத பாக்கெட்டில் வருகிறது, கேட்பாரில்லை. அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்ற நுகர்வோர் அமைப்பு 2025இல் பத்து செயற்கைப் பின்னல் முடிப் பொருட்களைச் சோதித்தபோது, ஒன்பதில் ஈயம் இருந்தது. கோயில் முடி, அசல் மனித முடி என்று கூடுதல் விலை வாங்கிக்கொண்டு செயற்கை இழையைக் கட்டிவிடுபவர்களும் உண்டு. பின்னல் நுனியில் ஓர் இழையை வெட்டி, தலையிலிருந்து விலகி வந்து, இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டுங்கள். மனித முடி கருகும் வாடையோடு பொடியாகும். செயற்கை இழை உருகிக் கெட்டியான மணியாக உறையும்.

அடுத்தது அந்தக் களிம்பு. குழாயில் குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்ற பெயர்களில் ஏதாவது ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு. உடனே நிறுத்துங்கள். அது அரிப்பை அடக்கிவிட்டுப் பூஞ்சைத் தொற்று பரவ வழிவிடும். தொடர்ந்து தடவினால் தோல் மெலியும். மருத்துவர் சீட்டு இல்லாமல் ஸ்டீராய்டு களிம்புகளை விற்பதற்கு 2018இல் மத்திய அரசு கட்டுப்பாடு விதித்த பிறகும், கடைக்காரர் கைநீட்டி எடுத்துக் கொடுக்கிறார். விதியை அச்சிட்டதோடு கடமை முடிந்தது என்று அதிகாரிகள் இருந்தால், அதன் விளைவு எங்கள் வெளிநோயாளர் பிரிவுக்குத்தான் வந்து சேர்கிறது.

பின்னலின் இறுக்கத்தையும் பாருங்கள். நம் முடி வழுக்கும் என்பதால் பார்லரில் கூடுதலாக இறுக்கிக் கட்டுவார்கள்; புருவத்தை உயர்த்தும்போது நெற்றியோரம் வலித்தாலோ, வேரில் சிறு பருக்கள் வந்தாலோ அந்தப் பின்னல்களை அன்றே அவிழ்த்துவிடுங்கள். இழுவையால் முடி உதிர்வது 1907இலேயே கிரீன்லாந்துப் பெண்களிடம் கவனித்துப் பதிவு செய்யப்பட்டது. தொடக்கத்தில் நிறுத்தினால் முடி திரும்பும். ஆண்டுக்கணக்கில் இழுபட்ட வேர் திரும்பாது.

மொத்தம் ஆறு வாரத்தில் அவிழ்த்துவிடுங்கள். அப்போது கை நிறைய முடி வரும், பயப்படாதீர்கள். அன்றாடம் இயல்பாக 50 முதல் 100 முடி உதிர்கிறது. 42 நாட்களுக்கு அது 2,100 முதல் 4,200 வரை ஆகும். அவ்வளவும் பின்னலுக்குள்தான் கிடந்தது. இந்தத் தருணத்துக்காகவே காத்திருப்பதுபோல, தண்ணீர் விட்டதால்தான் கொட்டிவிட்டது என்று பார்லரில் சொல்லி, தெரிந்த முடி கிளினிக்கின் முகவரியைத் தருவார்கள். அங்கே கேமராவில் தலையைப் பெரிதாக்கிக் காட்டிப் பல ஆயிரம் ரூபாய்க்குத் தவணைத் திட்டம் எழுதுவார்கள். பணம் கட்டாதீர்கள். வேரோரம் சேர்ந்த அழுக்கை விரலால் உதிர்த்து, சிக்கெடுத்த பிறகே தண்ணீர் விடுங்கள். சிக்கோடு நனைத்தால் இறுகிவிடும். அடுத்த ஒரு மாதம் வேறு எக்ஸ்டென்ஷன் எதுவும் வேண்டாம்.

இரண்டு வாரம் இப்படி அலசியும் அரிப்பு குறையாவிட்டாலும், அதற்கு முன்பே சீழ், வட்ட வட்டமான சொட்டை, பிடரியில் நெறி கட்டுதல் எது வந்தாலும், பின்னலை அவிழ்த்துவிட்டு அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்கோ அருகிலுள்ள தோல் மருத்துவரிடமோ செல்லுங்கள். போகும்போது அந்தக் களிம்புக் குழாயையும், கிடைத்தால் இழை வந்த பாக்கெட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.