செயல்பாட்டுக் கோட்பாடு என்றால் என்ன? பணியிடத்தில் அதன் பயன் என்ன?

ஒரு வேலையைத் தனிமனிதரின் திறமையாக மட்டும் கருதாமல், நோக்கம், கருவி, உடனிருப்போர், விதிகள், வேலைப் பங்கீடு ஆகியவை பின்னிப் பிணைந்த ஒரே அமைப்பாகப் பார்ப்பதே செயல்பாட்டுக் கோட்பாடு. சோவியத் உளவியலாளர்கள் வைகாட்ஸ்கியும் லியோன்டியெவும் இட்ட அடித்தளத்தை, பின்லாந்தின் எங்கெஸ்ட்ரோம் 1987இல் விரிவாக்கினார். இந்த அமைப்பின் கூறுகளுள் ஒன்று மாறினால் மற்றவையும் அசையும் என்பதே அடிப்படை.

சிங்கப்பூரின் தேக்கா உணவங்காடி நிலையத்தில் ஒரு தோசைக் கடையை எண்ணிப் பாருங்கள்: கேட்டுக் கேட்டுச் சுட்டுக் கொடுத்த இடத்தில் தொடுதிரை வந்ததும், காசு வாங்கியவருக்கு வேலை குறைகிறது, கல்லருகே நிற்பவருக்கோ சீட்டுகள் குவிகின்றன, “கொஞ்சம் முறுகலாக” என்று கேட்கத் திரையில் இடமே இல்லை. இத்தகைய முரண்பாட்டிலிருந்துதான் அனைவரும் சேர்ந்து புதிய முறையைக் கற்கத் தொடங்குகிறார்கள் என்பது, என் பார்வையில், இக்கோட்பாட்டின் மிக மதிப்புள்ள பகுதி.

இதை விளைவுகளை முன்கூட்டியே கணிக்கும் சூத்திரமாகப் பலர் எண்ணுகின்றனர்; உண்மையில், எங்கே உற்றுநோக்க வேண்டும் என்பதை மட்டுமே இது காட்டுகிறது.